முதலாளி, தரகு, தாய்

பிப்ரவரி 5, செவ்வாய்

இன்று காலை என் தொண்டையில் வளர்ந்திருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். பாசிப்பயறு அளவுதான் இருந்ததாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர நாளாகும். மூன்று வாரம் நான் வாயைத் திறக்கக் கூடாது. குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாதாம்; அது கத்துவதைவிடக் கெடுதல் என்றார் டாக்டர். என் மகனைவிடச் சின்னவர். ஆபரேஷனுக்கு முன்னால், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறேன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நேற்றைய மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற வியாபாரி அப்படித்தான் பார்ப்பான்.

எங்கள் கரையில் ஏலம் விடுகிற ஒரே பொம்பளை நான். அந்த இடத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. புருஷன் போனபோது பையனுக்கு மூன்று வயது. கையில் குரலைத் தவிர வேறு மூலதனம் கிடையாது. காற்றுக்கு மேலே, வள்ளத்து என்ஜினுக்கு மேலே, ஆம்பிளைகளின் சிரிப்புக்கு மேலே கத்திக் கத்தி வாங்கிய இடம் அது. இப்போது அந்த மூலதனத்தைத்தான் வெட்டி ஒரு சின்னப் புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மருமகள் கித்தேரி இந்த டைரியையும் ஒரு சிலேட்டையும் வாங்கி வந்தாள். "கத்தணும்னு தோணுச்சின்னா இதுல கத்துங்க மாமி" என்றாள். நான் இதுவரை எழுதியதெல்லாம் மீன் கணக்குதான். பார்ப்போம்.

பிப்ரவரி 7, வியாழன்

வீட்டில் ஒரு நாள்கூடச் சமாளிக்க முடியவில்லை. போன் அடித்தால் கை தானாகப் போகிறது. கருவாட்டு லாரிக்காரன் வாசலில் நின்று எடையைக் குறைத்துச் சொன்னான். என் வாய் திறந்தேவிட்டது. கித்தேரி அடுப்படியிலிருந்து ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். மருமகள் மாமியாரின் வாயைப் பொத்துவதை லாரிக்காரன் நின்று ரசித்துப் பார்த்தான். இந்நேரம் ஊர் முழுக்கப் போயிருக்கும்.

அதனால் என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறாள். தேரிக்காட்டுக்கு நடுவில் ஒரு தியான இல்லம். சுற்றிலும் சிவப்பு மணல், முந்திரி மரங்கள். ஐந்து சிஸ்டர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் இவர்கள் நடத்தவில்லை. பூசை உடுப்புத் தைத்துக் கொடுத்து அரிசி பருப்பு வாங்கிக்கொள்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் ஜெபம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான் பேச்சு. மற்றபடி கரண்டி சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்கிறது.

கித்தேரி புறப்படும்போது ஏலத்துக்கு என்ன ஏற்பாடு என்று சிலேட்டில் கேட்டேன். ஆள் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்றாள். நிம்மதிக்கு வந்த இடம் மாதிரி இல்லை. ஏலக்கரையிலிருந்து நேராகக் கொண்டுவந்து கிணற்றுக்குள் இறக்கிய மாதிரி இருக்கிறது.

மத்தியானம் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தேன். நெத்திலிக் கருவாட்டில் பாதி மணல். மூத்தவர் மதர் ரொசாலியிடம் சிலேட்டை நீட்டினேன்: "உங்களை ஏமாற்றுகிறார்கள்." அவர் படித்துவிட்டுச் சிரித்து, நாங்கள் அலசித்தான் சமைக்கிறோம் என்று சைகை காட்டினார். அலசினால் மணல் போகும், கொடுத்த காசு திரும்பி வருமா?

பிப்ரவரி 8, வெள்ளி

காலை ஜெபத்தில் ஒரு சங்கதி.

சிஸ்டர் பெர்பெத்துவா என்று ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும், இங்கே இளையவர் அவர்தான். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக் குடும்பம். ஜெபத்தை அவர்தான் தொடங்கினார். "எங்களைப் பெற்று, எங்களைச் சுமக்கிற தாயே" என்றார். சரி, மாதாவுக்கு வேண்டுதல் என்று நானும் கைகூப்பினேன். போகப் போகப் பார்த்தால் உலகத்தைப் படைத்தது, கடலுக்கு எல்லை வைத்தது, மன்னிப்பது எல்லாமே அந்தத் தாய்தான். மாதா கடலுக்கு எல்லை வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ராத்திரி பேச்சு நேரத்தில் சிலேட்டில் கேட்டேன்: "காலையில் மாதாவைத்தானே சொன்னீர்கள்?"

"இல்லக்கா. கடவுளைத்தான்."

எனக்கு என்னவோ போல் இருந்தது. எனக்குத் தெரிந்த ஏற்பாடு இதுதான்: பிதா முதலாளி, மாதா தரகு. முதலாளியிடம் நேரே போய் நிற்க நமக்குத் தைரியம் போதாது. தரகைப் பிடித்தால் நம் பக்கம் இரண்டு வார்த்தை சொல்லிக் காரியத்தை முடித்துக் கொடுப்பாள். பதிலுக்கு நாம் நேர்ச்சை செலுத்துகிறோம். முதலாளியே தாய் என்றால் நடுவில் தரகுக்கு என்ன வேலை? நேர்ச்சையை யாரிடம் கொடுப்பது? இதையெல்லாம் எழுத சிலேட்டில் இடம் இல்லை. "குழப்பமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினேன்.

"எனக்கும் அப்படித்தான் இருந்திச்சி" என்றார். ஆள் நல்ல ஆள்.

பிப்ரவரி 10, ஞாயிறு

நானே ஆளனுப்பி நல்ல நெத்திலி வரவழைத்தேன். ஐந்து சிஸ்டர்களும் இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள்.

பிப்ரவரி 11, திங்கள்

கோயிலுக்குள் தனியாக உட்கார்ந்து முதலாளியிடம் பேசிப் பார்த்தேன். மனதுக்குள்தான். வெள்ளியில் தொண்டை உருவம் செய்து வைக்கிறேன் என்று தொடங்கினேன். பதில் இல்லை. ஊரில் மாதா கெபிக்குப் புதுக் கதவு போட்டுத் தருகிறேன் என்றேன். பதில் இல்லை. திருநாளன்று ஊருக்கே அசனச் சோறு போடுகிறேன் என்றேன். ஒரே ஆள் தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டு போகும் ஏலத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

சாயந்திரம் முந்திரிக் கொட்டை பொறுக்கும் இடத்தில் சிஸ்டர் பெர்பெத்துவா இருந்தார். அங்கே வேலை நேரத்தில் நாலு வார்த்தை பேசலாம். தினமும் மணிக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்து என்னதான் கேட்கிறீர்கள் என்று எழுதிக் காட்டினேன்.

ஒன்றும் கேட்பதில்லை, சும்மா இருப்பேன் என்றார். பிறகு கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"உப்பளத்துல ஒரு பொட்டு நெழல் கெடையாதுக்கா. பாத்தி வேலைக்கு எங்கம்மா எங்க மூணு பேரையும் கூட்டிட்டுத்தான் போவா. வெயில் ஏறுனதும் அவ எங்களுக்கு முன்னால நின்னுக்கிட்டு வேலை பாப்பா. அவ நெழல்ல நாங்க உக்காந்திருப்போம். சூரியன் நகர நகர அவளும் நகருவா. நாங்க வெளையாடிட்டு இருப்போம், எங்களுக்குத் தெரியவே தெரியாது. இங்க வந்து கண்ண மூடுன மொத நாளே எனக்கு அந்த நெழல்தான் வந்திச்சி. நான் என்ன செய்ய? அதை அப்பான்னு கூப்பிட எனக்கு வாய் வரலை."

நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பிப்ரவரி 13, புதன்

கித்தேரி வந்தாள். கப்பல் வேலைக்குப் போயிருக்கும் மகன் போனில் பேசினானாம். அம்மா பேசாமல் இருக்கிறாள் என்றால் கப்பலில் யாரும் நம்பவில்லையாம்.

பரிசோதனை முடிவு வந்ததா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வந்தால் சொல்லப்போகிறாள்.

குரல் கட்டியிருந்தது. சளி என்றாள். பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டேதான் பேசினாள். சேலை ஓரம் உப்பேறி விறைத்துக் கிடந்தது. துவைக்கிற பழக்கம் இந்தப் பெண்ணுக்கு வர வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு முறை கண் சொருகியது.

ஏலத்துக்கு யாரைப் போட்டிருக்கிறாய் என்று எழுதினேன். உங்களுக்குத் தெரியாத ஆள் என்றாள். எங்கள் கரையில் எனக்குத் தெரியாத ஆள் எவன் என்று இப்போது உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் போகிற அவசரத்தில் இருந்தாள், அதனால் கேட்கவில்லை. வாரத்துக்கு எவ்வளவு வரவு என்று மட்டும் கேட்டேன். குறையவில்லை.

கித்தேரி வீட்டுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. வந்த புதிதிலிருந்தே, நான் ஒரு கூறு மீன் ஏலம் விட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவள். அந்த வேலை உனக்கு ஆகாது, குரல் போதாது என்று சொல்லிவைத்திருந்தேன். பிற்பாடு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்று பூசைக்கு வந்த கொன்சாகா சாமி, பூசை முடிந்தும் போகாமல் மதர் ரொசாலியிடம் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்ப் பங்குச் சாமி. இளவயசு. நல்ல மனுஷன்தான், ஆனால் எதற்கும் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தபடியே பேசுவார்.

விஷயம் இதுதான். மாதக் கடைசிச் சனிக்கிழமை கடற்கரை ஊர்களிலிருந்து பெண்கள் இங்கே ஜெபத்துக்கு வருவார்கள். போன தடவை சிஸ்டர் பெர்பெத்துவா கடவுளைத் தாயே என்று கூப்பிட்டு ஜெபம் சொல்லியிருக்கிறார். யாரோ போய் முறையிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை அது வேண்டாம் என்றார் சாமி.

"எனக்கே அது தப்பாத் தெரியல சிஸ்டர். வேதத்துலயும் கடவுள் தாயைப் போலத் தேத்துவேன்னு சொல்லியிருக்கு. ஆனா சனங்க கடவுளையும் மாதாவையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிருவாங்க. அப்புறம் மேல நான்தான் பதில் சொல்லணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. சிலேட்டில் எழுதி நீட்டினேன்: "கடலை நாங்கள் கடலம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். இதுவரை குழம்பவில்லை."

சாமி படித்துவிட்டுச் சிரித்தார். "கடலை நீங்க கும்பிடலியேம்மா" என்றார். அதுவும் நியாயம்தான். பதில் எழுதுவதற்குள் சிஸ்டர் பெர்பெத்துவா சரி சாமி என்று சொல்லிவிட்டார். முதலில் சொன்ன விலைக்கே சரக்கை விட்டுக்கொடுத்த மாதிரி.

பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு, ஏன் மறுத்துப் பேசவில்லை என்று கேட்டேன். நான் உட்காருகிற இடம் மாறவில்லையே, பேரைத்தானே விட்டுக்கொடுத்தேன் என்றார். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமைக்காக எழுதி வைத்திருந்த ஜெபத்தாளைக் கிழித்து, அதை மடித்தார், மடித்தார், இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்தார். அப்புறமும் கைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

குரல் போனவர்கள் இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர்.

பிப்ரவரி 19, செவ்வாய்

கனவில் ஏலம் விட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 21, வியாழன்

முந்திரிக் கொட்டை பொறுக்கினேன். பூசை உடுப்புக்குத் துணி எடுக்கும் கடையில் இவர்களுக்குக் கூட விலை போடுகிறார்கள் என்று கண்டுபிடித்தேன். மதர் ரொசாலிக்கு வேறு கடை எழுதிக் கொடுத்தேன். அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், கை காகிதம் மாதிரி இருந்தது.

பரிசோதனை முடிவு பற்றி இன்னும் தகவல் இல்லை. நான் அதைப் பற்றி நினைக்கவில்லை.

பிப்ரவரி 23, சனி

இன்று நடந்ததை முறையாக எழுத வேண்டும்.

இரண்டு வேனில் பெண்கள் வந்தார்கள், அறுபது பேர் இருக்கும். பாதிக்கு மேல் எங்கள் கரை. கூடைக்காரிகள், கருவாடு காயப்போடுகிறவர்கள், புருஷனைக் கடலில் கொடுத்தவர்கள். கித்தேரியும் வந்திருந்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்த உடனேயே தலை தொங்கிவிட்டது. கொன்சாகா சாமி கடைசி பெஞ்சில் இருந்தார்.

சிஸ்டர் பெர்பெத்துவா ஜெபத்தைத் தொடங்கினார். "பரம பிதாவே" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். பழக்கமில்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர் நடை மாதிரி வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. முடித்துவிட்டு, இனி அவரவர் வேண்டுதலை அவரவரே சொல்லுங்கள் என்று அமைதியாகிவிட்டார்.

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். எங்கள் கரையில் முதல் விலையை யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னவள் ஏமாந்தவள். ஏலக்காரிதான் எதையாவது சொல்லி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே சிலுவையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சிஸ்டர்களுக்கு அமைதி சாப்பாடு மாதிரி. அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. தொண்டை உள்ளே அரித்தது. சிலேட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பின்னால் யாரோ இருமினார்கள். கித்தேரி தூக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, கையை வீசி, முழுக் குரலில் ஏலம் விட்டாள்:

"ரெண்டாங் கூறு, ஊளி, ஊளி, முந்நூறு ஒரு தரம்..."

கோயில் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. அவளே அதைக் கேட்டுத்தான் விழித்தாள்.

நாலாவது பெஞ்சிலிருந்து செபஸ்தியா, யோசிக்காமல், "ஊளி வேண்டாம்ட்டி, பாறை மீன் இருந்தாச் சொல்லு" என்றாள். செபஸ்தியா என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்; ஐஸ் தண்ணீரில் ஊறப்போட்டு மீனுக்கு எடை ஏற்றி விற்கிறவள், என்னிடம் மாதம் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். அறுபது பேரும் சிரித்துவிட்டார்கள். அடக்க அடக்கச் சிரிப்பு கூடியது. சிஸ்டர் பெர்பெத்துவா குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. மதர் ரொசாலி கண்ணைத் துடைத்தார். கித்தேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிரித்து ஓய்ந்ததும் அதே செபஸ்தியாதான் எழுந்திருக்காமலே பேசினாள். குரல் மாறியிருந்தது.

"எம்மா, எம் மவ மூணு மாசமா எங்கிட்டப் பேசல. அவ பேசணும்மா."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எம்மா, அவருக்குக் குடி நிக்கணும். எம்மா, வள்ளத்துக்கு லோன் கட்டணும். எம்மா, எனக்கு உள்ள வலிக்கி, டாக்டர்ட்டப் போகப் பயமா இருக்கு. எல்லோரும் எம்மாதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கரையில் காலில் முள் தைத்தால் வருகிற அதே சத்தம்.

கொன்சாகா சாமி பின்னாலிருந்து எழுந்தார். தன்மையாகத்தான் கேட்டார், மாதாவிடம்தானே வேண்டுகிறீர்கள் என்று.

செபஸ்தியா திரும்பிப் பார்த்தாள். "மாதா எங்கூடல்லா உக்காந்திருக்கா சாமி. அவளும் பிள்ளைக்காகத் தவிச்சவ. ரெண்டு பேரும் சேந்துதான் கேக்கோம்."

"யார்கிட்ட?"

"எங்க ரெண்டு பேரையும் பெத்தவகிட்ட."

சாமி உட்கார்ந்துவிட்டார். வேண்டுதல் தொடர்ந்தது. எல்லோரும் முடித்த பிறகு கடைசியில் அவரும் ஒன்று சொன்னார். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிக் காலில் புண்ணாம். யாரிடம் கேட்கிறார் என்று அவர் சொல்லவில்லை. சிஸ்டர் பெர்பெத்துவா தலையை நிமிர்த்தவே இல்லை, ஆனால் கன்னம் நனைந்திருந்தது. நான் முன் வரிசையில்தான் இருந்தேன்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊளி, ஊளி என்று இரண்டு முறை சொல்லி, இரண்டாவதை இழுத்து மேலே தூக்கி விடுவது என் இழுப்பு. வேறு ஒருவருக்கும் அது கிடையாது.

பிப்ரவரி 23, மறுபடியும்

வேன் புறப்படுமுன் கித்தேரி முந்திரி மரத்தடிக்கு வந்தாள். நான் சிலேட்டை எடுக்குமுன் அவளே சொன்னாள்.

"சொல்லாம செஞ்சது தப்புதான் மாமி. வேற ஆளப் போட்டா ரெண்டே நாள்ல உங்க எடம் அவன் எடமா ஆயிரும். நீங்க திரும்பி வரும்போது யார்ட்டப் போய்ச் சண்ட போடுவீங்க? அதான் நானே போய் நின்னேன்."

"சிரித்தார்களா?" என்று எழுதினேன்.

"சிரிச்சாவ. சிரிப்புக்கு மேல கத்துனேன். உங்கள மாதிரியே."

கரை முழுக்கத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியாது. அன்றைக்குத் தரையைப் பார்த்ததும் இதற்குத்தானா என்று கேட்கத் தோன்றியது. சிலேட்டைத் துடைத்துவிட்டு, "ஊளிக்கு முந்நூறிலா தொடங்கினாய்?" என்று எழுதினேன். ஆமாம் என்றாள். "குறைவு" என்று எழுதினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இளம் வயசு. நல்ல மார்பு பலம். அந்தக் குரல் இன்னும் முப்பது வருஷம் ஓடும். கணக்குத்தான் போடுகிறேன், வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு

விடியற்காலம் கோயிலில் போய் உட்கார்ந்தேன். வழக்கம்போல் பேரத்தைத் தொடங்கலாம் என்று பார்த்தால் விற்கவோ வாங்கவோ கையில் சரக்கு இல்லை. நான் மீட்க வந்த பொருள் வேறொருத்தியின் வாயில் நன்றாக இருக்கிறது. அதற்காகக் கடவுளிடம் புகார் சொல்லவும் வாய் வரவில்லை, சந்தோஷம் என்று சொல்லவும் வரவில்லை.

தாயே என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சிஸ்டருக்கு நிழல் வந்தது. எனக்கு என் அம்மாதான் வந்தாள், தலையில் மீன் கூடையோடு. நிழல் தருகிற ஆள் இல்லை அவள். தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு முன்னால் போவாள், நான் பின்னால் ஓடுவேன். திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒரு நாளும் கையைப் பிடித்ததில்லை. கூடையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஆனால் நான் பின்தங்கிவிட்டால், வாங்க ஆளே இல்லாத வீட்டுக்கு முன்னாலும் நின்று இன்னும் இரண்டு தடவை கூவுவாள். நான் வந்து சேர்ந்ததும் நடப்பாள். அந்த வீட்டில் அவள் யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவே இல்லை.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது தெரியவில்லை.

பிறகு இதைச் சுருக்கி சிஸ்டர் பெர்பெத்துவாவுக்கு எழுதிக் காட்டினேன். எழுத்தெல்லாம் கோணல். அவர் படித்துவிட்டு, ஞானத்தை வேதமே ஒரு பொம்பளையாகத்தான் காட்டுகிறது, சந்தடியுள்ள தெருவில் நின்று சத்தமாகக் கூப்பிடுகிறாள் என்று கிசுகிசுத்தார்.

"கூவி விற்கிறவளா?" என்று எழுதினேன்.

"விக்கல. சும்மா குடுக்கதுக்குத்தான் கூப்பிடுதா."

"நஷ்டம்" என்று எழுதினேன். இந்த வீட்டில் பேசக் கூடாத நேரத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

பிப்ரவரி 26, செவ்வாய்

ஆஸ்பத்திரி. புற்று இல்லை. முடிவு நேற்றுத்தான் வந்ததாம். ஆக, கித்தேரி அன்றைக்குச் சொன்னது உண்மைதான்.

ஆனால் ஏலம் இனி இல்லை. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார், அதற்காக அவரை மன்னித்தேன். பேசலாம், மெதுவாகப் பேசலாம், கத்தினால் திரும்ப வரும். எவ்வளவு நாளைக்கு என்று விரலால் சைகை செய்தேன். எப்போதும் என்றார். பிறகு, இப்போது ஏதாவது பேசிப் பாருங்கள் என்றார்.

மூன்று வாரமாக முதல் வார்த்தை என்ன என்று யோசித்து வைத்திருந்தேன். அது மறந்துவிட்டது. "அழாத புள்ள" என்றேன், ஏனென்றால் கித்தேரி அழுதுகொண்டிருந்தாள். வந்த சத்தம் என்னுடையது இல்லை. வெண்கலப் பானையை மணலில் இழுக்கிற மாதிரி இருந்தது. டாக்டருக்குக் கேட்டது, கதவருகே நின்ற நர்ஸுக்குக் கேட்கவில்லை.

நான் அழவில்லை. பஸ் நிலையத்தில் டீ குடித்தோம். டீக்காரனிடம் சீனி குறைவாக என்று சொன்னேன். அவன் என்ன என்றான். கித்தேரி எடுத்துச் சொன்னாள்.

பிப்ரவரி 27, புதன்

என் துணிமணியை எடுத்துப்போகத் தேரிக்கு வந்தோம். கொன்சாகா சாமி முன்னாடியே வந்திருந்தார். அச்சடித்த ஜெபத்தாளில் பிதாவே என்றே இருக்கட்டும், ஜனங்கள் தங்கள் வாயால் சொல்வதைத் தான் தடுக்கப்போவதில்லை, மேலே கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். சொல்லும்போது பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. சிஸ்டர் பெர்பெத்துவா இந்தத் தடவையும் சரி சாமி என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு அவருடைய அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

பிறகு நானும் கித்தேரியும் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து எங்கள் பேச்சைத் தொடங்கினோம். இவ்வளவு மெதுவாக நான் பேரம் பேசியதே இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் குனிந்து என் வாய் அருகே காதைக் கொண்டுவர வேண்டியிருந்தது. கமிஷனில் மூன்றில் ஒரு பங்கு உனக்கு என்றேன். கேட்காத மாதிரி இருந்தாள். திரும்பச் சொன்னேன்.

"அது கேட்டுட்டு மாமி. அதுக்கு மேல சொல்லுவீங்களான்னுதான் இருக்கேன்."

பரவாயில்லை, தொழில் தெரிந்தவள்தான். சிஸ்டர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏதோ ரகசியமாக ஜெபிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

முடிவானது இது. ஏலம் கித்தேரி விடுவாள். முதல் விலையை நான் அவள் காதில் சொல்வேன். அதற்குக் கீழே அவள் தொடங்கக் கூடாது. கமிஷன் பாதிப் பாதி. மாதக் கடைசிச் சனிக்கிழமை, எவ்வளவு மீன்பாடு வந்தாலும் எங்கள் ஏலம் கிடையாது. இரண்டு பேரும் தேரிக்கு வருவோம். அங்கே என் வேண்டுதலை நானே, இந்தக் குரலிலேயே, அறுபது பேர் நடுவில் சொல்ல வேண்டும். எனக்காக அவள் எடுத்துச் சொல்ல மாட்டாள். இந்தக் கடைசி நிபந்தனை அவள் வைத்தது. ஒத்துக்கொண்டேன்.